பொறை போடும் கையும் பிடித்துக் கொடுக்கும் கையும்

எங்கள் தெருவில் 17 நாய்கள் இருக்கின்றன. இந்தக் கணக்கை எனக்குச் சொன்னது மாநகராட்சி அல்ல. நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஒரு கல்லூரி மாணவி. அவளிடம் நீளமான நோட்டு ஒன்று இருக்கிறது. பால் கணக்கு எழுதுவார்களே, அந்த மாதிரி. பக்கத்துக்கு ஒரு நாய். ‘மணி. செவலை. ஆண். இஸ்திரி வண்டிக்கு அடியில் படுக்கும். ஹெல்மெட் போட்டவர்களைக் கண்டால் குரைக்கும், கடிக்காது.’ ‘பிரியாணி. கறுப்பு வெள்ளை. பெண். காது வெட்டு இல்லை. மார்ச்சில் ஐந்து குட்டி. மூன்று போய்விட்டன.’ தடுப்பூசி போட்ட தேதி சிவப்பு மையில் இருக்கும். கடைசிப் பக்கத்தின் தலைப்பு ‘கிட்டே வராதவை’. அதில் இரண்டு.

அந்த நோட்டைப் பார்க்கும்வரை அவளையும் ‘பிஸ்கட் கோஷ்டி’யில்தான் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாத் தெருவிலும் உண்டு இந்தக் கோஷ்டி. ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்கூட்டரில் வருவார்கள். தங்கள் வீட்டு வாசலில் போடாமல், பத்து வீடு தள்ளி வேறு யார் வீட்டு கேட்டுக்கு முன்பாகவோ சோற்றைக் கொட்டிவிட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். காலையில் அந்த வீட்டுக்காரர் ஈ மொய்க்கும் மிச்சத்தைக் கழுவிவிட்டு, நாயையும் நாய்க்குச் சோறு வைத்தவரையும் சேர்த்துத் திட்டுவார். கருணைக்கும் ஒரு முகவரி இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

தெருநாய்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்பும் இளைஞர்களை நாம் இரண்டே விதமாகத்தான் நடத்துகிறோம். ஒரு சாரார் அவர்களைத் தெய்வப் பிறவிகளாக்கி வீடியோவுக்குக் கீழே இதயக்குறி போடுகிறார்கள். இன்னொரு சாரார், ‘மனுஷனுக்கே சோறில்லை, நாய்க்கு என்ன’ என்று எரிந்து விழுகிறார்கள். இருவருமே ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. தெருநாயை இழுபறி இல்லாமல் தொட முடிகிற கை இந்த ஊரில் மிகச் சிலருக்குத்தான் இருக்கிறது. நாய்த் தொல்லைக்கு என்ன தீர்வு சொன்னாலும், அந்தக் கை இல்லாமல் அது நடக்காது.

இந்த விஷயம் எனக்கு உறைத்தது புனேவைச் சேர்ந்த சாந்தனு நாயுடுவின் கதையை யோசித்தபோது. ரத்தன் டாடாவின் கடைசிக் காலத்தில் அவருடைய உதவியாளராகவும் நண்பராகவும் இருந்தாரே, அந்த இளைஞர். பத்தாண்டுகளுக்கு முன்பு அவர் புனேயில் டாடா எல்க்ஸி நிறுவனத்தில் ஒரு சாதாரண இளம் பொறியாளர். வேலை முடிந்து இரவில் திரும்பும்போது, வண்டியில் அடிபட்டுச் செத்த நாய்களைச் சாலையில் அடிக்கடி பார்த்திருக்கிறார். இருட்டில் ஓட்டுநர்களுக்கு நாய் தெரிவதில்லை, தெரியும்போது நேரம் கடந்துவிடுகிறது. வண்டி வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையை நாயின் கழுத்தில் கட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. நண்பர்கள் சிலர் சேர்ந்தார்கள். கையில் காசில்லை. வீடு வீடாகப் போய்ப் பழைய ஜீன்ஸ் பேன்ட்டுகளைக் கேட்டு வாங்கினார்கள். அந்தத் துணியில் ஒளி பிரதிபலிக்கும் பட்டையைத் தைத்துக் கழுத்துப்பட்டை செய்தார்கள். ‘மோட்டோபாஸ்’ என்று அதற்குப் பெயர். செய்தி டாடா குழும இதழில் வந்தது; நாய்ப் பிரியரான ரத்தன் டாடாவுக்குக் கடிதம் போனது; கொஞ்ச நாளில் பதிலும் வந்தது. மற்றது ஊரறிந்த கதை.

ஊரறிந்த அந்தக் கதை எப்போதும் டாடாவில்தான் போய் முடிகிறது. பெரிய மனிதர் ஒருவர் கண்ணில் பட்டால் வாழ்க்கை மாறிவிடும் என்கிற நீதிக்கதையாகிவிட்டது. எனக்கு அதில் அவ்வளவு ருசியில்லை. நான் யோசிப்பது அந்த முதல் சில ராத்திரிகளைப் பற்றி. முன்பின் தெரியாத தெருநாயின் கழுத்தில் பட்டையைக் கட்டுவது லேசுப்பட்ட காரியமா? முதலில் அது பக்கத்தில் வர வேண்டும். குனிந்தால் ஓடக் கூடாது. நம் ஊர் நாய்க்குக் குனிகிற மனிதன் என்றால் கல் பொறுக்குகிறவன். பிறகு கழுத்தைச் சுற்றிக் கை போக விட வேண்டும். இத்தனைக்கும் சம்மதிக்கிற நாய், ஊசிக்கும் சம்மதிக்கும். கழுத்துப்பட்டை நாயை வண்டியிலிருந்து எத்தனை தடவை காப்பாற்றியதோ தெரியாது, ஆனால் அந்தப் பிள்ளைகள் ஊர் ஊராக நாய்களோடு ஒரு பரிச்சயத்தை உண்டாக்கிவிட்டார்கள். அந்தப் பரிச்சயத்தை எந்த நகராட்சியும் கேட்டு வாங்கிப் பயன்படுத்திக்கொண்டதாகத் தெரியவில்லை.

(இடையில் ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டுக் குட்டி நாய்களுக்குப் பட்டை கட்டக் கிளம்பாதீர்கள். நாய் வளரும், பட்டை வளராது. ஆறே மாதத்தில் கழுத்துச் சதையில் இறங்கிப் புண்ணாகி நிற்கும்.)

மாநகராட்சியின் நாய் பிடிக்கும் வண்டி வரும் காலை நேரத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், நான் சொல்வது விளங்கிவிடும். வண்டி தெருமுனையில் திரும்புவதற்குள் முதல் குரைப்பு எழும். அடுத்த நிமிடம் எங்கிருந்தோ எல்லா நாய்களும் சேர்ந்து குரைக்கும். அதற்கடுத்த நிமிடம் ஒன்றுகூட இருக்காது. வலையோடு இறங்குகிற நான்கு பேரும் காலியான தெருவைப் பார்த்து நிற்பார்கள். ‘நாயைக் கண்டால் கல்லைக் காணோம்’ என்பது பழமொழி. இங்கே வண்டியைக் கண்டால் நாயைக் காணோம். நாயைக் கண்டு நாம் போன் போடும்போது வண்டியைக் காணோம். அன்றைக்குச் சிக்குவது எது தெரியுமா? மனிதரை நம்பி வாலாட்டிக்கொண்டு வருகிற சாது நாய். அதற்கு ஏற்கெனவே காது நுனி வெட்டப்பட்டிருக்கும். அதாவது, போன முறையே பிடித்துக் கருத்தடை செய்தாயிற்று. பிடிபட வேண்டிய பெண் நாய் பக்கத்துக் காலிமனையின் முள்ளுக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்கள் தெருவில் போன முறை அப்படி நடக்கவில்லை. முதல் நாளே வண்டி வரும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்ட அந்த மாணவி, விடியற்காலையில் டீக்கடையிலிருந்து பொறை வாங்கி வந்தாள். வழக்கமாகச் சோறு வைக்கும் இடத்தில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். ஆறு நாய்களைக் கையாலேயே பிடித்துக் கயிறு போட்டு, அவளும் இஸ்திரிக்காரரின் மகனும் வண்டிக்குக் கொண்டுவந்தார்கள். வலைக்கு வேலையே இல்லை. ‘பிரியாணி’ மட்டும் ஏறும்போது அவளைத் திரும்பிப் பார்த்தது. “துரோகம் பண்ணிட்டேன்னு நினைச்சிருக்கும்” என்றாள். சில நாள் கழித்து வண்டி அதே இடத்தில் இறக்கிவிட்டபோது, அது நேரே அவள் வீட்டு வாசலுக்குத்தான் போனது. நோட்டில் அந்தப் பக்கத்தில் ‘காது வெட்டு இல்லை’ என்பதை அடித்துவிட்டுத் தேதி எழுதினாள்.

சோறு வைப்பது தொண்டின் தொடக்கம்கூட அல்ல. அது முன்பணம். அந்த முன்பணத்தைக் கொண்டு நாயின் நம்பிக்கையை வாங்கி, அதை ஊசிக்கும் கருத்தடைக்கும் கொண்டு சேர்த்தால்தான் கணக்கு நேராகும். பிடித்துக் கொடுக்காமல் சோறு மட்டும் வைத்தால் என்ன ஆகும்? பெண் நாயின் சினைக்காலம் ஏறத்தாழ இரண்டே மாதம். ஆண்டுக்கு இரண்டு ஈற்றுவரை போகும். நன்றாகச் சாப்பிட்ட தாயின் குட்டிகள் அதிகம் பிழைக்கும். நம் அன்பே அடுத்த ஆண்டின் புகார் மனுவாக வந்து நிற்கும்.

இந்த விஷயத்தில் சென்னை வழிகாட்டி ஊர் என்பது பலருக்குத் தெரியாது. மதராஸ் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது 1860இல். நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இது நடந்தது. 1990களின் நடுவில் நாளொன்றுக்கு 135 நாய்கள்வரை கொல்லப்பட்டன என்று, ப்ளூ கிராஸ் விலங்கு நல அமைப்பைக் கட்டியவர்களில் ஒருவரான சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். மின்சாரம் பாய்ச்சித்தான் கொன்றார்கள். இத்தனை கொன்றும் நாய்கள் குறைந்தனவா? குறைந்திருந்தால், தினமும் 135 எங்கிருந்து கிடைத்திருக்கும்? கொன்ற நாயின் இடமும் அதன் குப்பைத்தொட்டியும் காலியாக இருப்பதில்லை. அடுத்த தெரு நாய் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே இடத்தில் விடுங்கள் என்று ப்ளூ கிராஸ் 1964இலேயே சொன்னது. மாநகராட்சி அதைக் காதில் வாங்க 1996 ஆனது. 2001இல் நாடு முழுவதற்கும் அதுவே விதியானது. 2023இல் அந்த விதிகள் புதுப்பிக்கப்பட்டன.

விதி வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. அப்படியானால் ஏன் இன்னும் தெருவுக்கு 17? காரணம் விதியில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. 2024இல் நடந்த கணக்கெடுப்பின்படி சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். அவற்றில் கருத்தடை செய்யப்பட்டவை 27 விழுக்காடு. ஒரு பகுதியில் பத்துக்கு ஏழு நாய்க்காவது குறுகிய காலத்துக்குள் கருத்தடை செய்தால்தான் எண்ணிக்கை இறங்கும் என்பது துறையில் உள்ளவர்கள் எல்லோரும் சொல்வது. கால்வாசி செய்வது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. செலவும் ஆகும், குடமும் நிறையாது. கருத்தடையே பயனில்லை என்று கோபப்படுகிறவர்கள் உண்மையில் பார்த்திருப்பது இந்த அரைகுறை வேலையைத்தான்.

அவர்கள் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024இல் நாட்டில் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாகின. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 4.8 லட்சம், ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர். கடிபடுபவர்கள் யார் என்று பாருங்கள். கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் அல்ல. விடியற்காலை நான்கு மணிக்குப் பால் பாக்கெட் போடுகிறவர், பேப்பர் பையன், தூய்மைப் பணியாளர், உணவு கொண்டுவரும் இளைஞர், தெருவில் விளையாடும் பிள்ளைகள். உலக அளவில் ரேபிஸ் சாவுகளில் பத்தில் நான்கு, பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுடையது. அறிகுறி தெரிந்துவிட்டால் கிட்டத்தட்ட யாருமே பிழைப்பதில்லை. நாய்களை நேசிக்கிறேன் என்கிறவர்கள், இந்த வரியைத் தாண்டிப் போகக் கூடாது.

எங்கள் தலைமுறைக்கு வெறிநாய்க்கடி என்றாலே தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. ஆட்டு மூளைத் திசுவிலிருந்து செய்த பழைய தடுப்பு மருந்து அது. நம் குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்திலும் அதைத் தயாரித்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பே அது வழக்கொழிந்துவிட்டது. இப்போது கைப்புஜத்தில் தோலுக்குள்ளேயே போடும் சிறிய ஊசி. கடித்த அன்று, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். அரசு மருத்துவமனையில் காசில்லை. தோலைக் கிழித்துக் கடித்திருந்தால் காயத்திலும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டும். ஆனால் பதினாலு ஊசிப் பயம் இன்னும் சிலரை விடவில்லை. சுண்ணாம்பும் மஞ்சளும் அப்பிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். முதலில் செய்ய வேண்டியது குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டும். அந்த மாணவி தெருப் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தாள். பிறகு, தூங்கும் நாய், தின்னும் நாய், குட்டி போட்ட நாய் மூன்றிடமும் போகாதே என்பதை. நாய் துரத்தினால் ஓடாமல் மரம் மாதிரி நில் என்பதைப் பிள்ளைகள் விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். இப்போது ‘நாய்-மரம்’ எங்கள் தெருவில் ஒரு விளையாட்டு.

கடிப்பதற்கு முன் தடுப்பது இன்னும் மலிவு. ஒரு பகுதி நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் ரேபிஸ் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கோவா இதைச் செய்து காட்டியது. நாய்களுக்குத் தொடர்ந்து ஊசி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம், கடித்த நாயைக் கண்காணிக்கும் ஏற்பாடு எல்லாம் சேர்ந்து, 2021இல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. பூடான் இன்னும் ஒரு படி மேலே போனது. சிறிய நாடு, நமக்குப் பொருந்தாது என்று சொல்லிவிடலாம். ஆனால், அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பது பொருந்தும். கால்நடைத் துறையை மட்டும் நம்பி விடவில்லை. ‘தேசூங்’ என்று அங்கே ஒரு தன்னார்வப் படை உண்டு. ஆரஞ்சு நிறச் சீருடை. பேரிடர் வந்தால் ஓடி வருகிறவர்கள். அவர்களை நாய் பிடிக்கவும் இறக்கினார்கள். 2023 அக்டோபரில், தெருநாய்கள் எல்லாவற்றுக்கும் கருத்தடை செய்து முடித்த முதல் நாடு என்று பூடான் அறிவித்தது.

நம் நாட்டில் 2025இல் நாய் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. ஆகஸ்ட் 11 அன்று, டெல்லி வட்டாரத்து நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடையுங்கள், திரும்ப விடாதீர்கள் என்று ஓர் உத்தரவு. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, வெறிபிடித்த, ஆக்ரோஷமான நாய்களைத் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து அதே இடத்தில் விடச் சொன்னது. சோறு வைக்கத் தனி இடம் குறித்துக் கொடுக்கவும் சொன்னது. நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றிவிடுங்கள், அங்கே திரும்ப விடாதீர்கள் என்று இன்னோர் உத்தரவு. ஒவ்வோர் உத்தரவுக்கும் ஒரு கட்சி பட்டாசு வெடித்தது, இன்னொரு கட்சி மெழுகுவர்த்தி ஏற்றியது. மூன்று உத்தரவையும் நிறைவேற்றுவதற்கு வேண்டியது ஒன்றேதான் என்பதை யாரும் பேசவில்லை. காப்பகத்தில் அடைப்பதானாலும், அதே இடத்தில் விடுவதானாலும், பள்ளி வளாகத்திலிருந்து அகற்றுவதானாலும், முதலில் நாயைப் பிடிக்க வேண்டும். இது எந்த நாய், ஊசி போட்டதா, எந்தத் தெருவைச் சேர்ந்தது என்று யாராவது சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் காப்பகத்தில் போட்டுவிடலாமே என்கிறவர்களுக்கு ஒரு சிறு பெருக்கல். சென்னையின் 1.8 லட்சம் நாய்களுக்கும் நாளொன்றுக்கு 30 ரூபாய்தான் சாப்பாட்டுச் செலவு என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 54 லட்சம். ஆண்டுக்கு 200 கோடியை நெருங்கும். நிலம், கட்டிடம், ஆள், மருத்துவர் தனி. அந்தப் பணத்தில் ஒரு பங்கை, இன்னும் சில கருத்தடை மையங்களுக்கும் மருத்துவர்களுக்கும் செலவழித்தால் போதும்.

மிச்ச வேலைக்கு ஆள் தெருவிலேயே இருக்கிறது. வார்டுக்குப் பத்துப் பேர். பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகள். மாநகராட்சி அவர்களுக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. ஓர் அடையாள அட்டை. அவர்களுக்கே முன்கூட்டிய ரேபிஸ் தடுப்பூசி. நாயைக் கையாளும் பயிற்சி இரண்டு நாள். வண்டி எந்தத் தேதியில் எந்தத் தெருவுக்கு வரும் என்ற பட்டியல் ஒரு வாரம் முன்பாக. இவ்வளவுதான். இப்போது நடப்பதோ நேர் எதிர். சோறு வைக்கிறவரைக் குடியிருப்போர் சங்கம் விரட்டுகிறது; நாய் வண்டியைச் சோறு வைக்கிறவர் மறிக்கிறார்; கடைநிலை ஊழியர் இருவரிடமும் வசவு வாங்கிக்கொண்டு போகிறார். நாய் வண்டிக்காரர் வில்லன் அல்ல என்பதை விலங்கு நேயர்கள் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். அவரும் கடி வாங்குகிறார்.

பிள்ளைகளிடமும் ஒரு நிபந்தனை போடலாம் என்பேன். நீ சோறு வைக்கும் நாய்க்கு நீதான் பொறுப்பு. அதன் காது வெட்டப்படும்வரை, அதன் ஊசித் தேதி உன் நோட்டில் ஏறும்வரை, உன் தொண்டு பாதிதான். இதற்குச் சம்மதிக்காதவர்கள் தாராளமாக வீட்டுக்குள் ஒரு நாய் வளர்க்கலாம்.

இந்தத் திட்டங்களில் இருக்கும் பெரிய ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். இளைஞர்கள் தொடங்குவது இளைஞர்களோடு போய்விடுகிறது. பரீட்சை வரும், வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகும், ஊர் மாறும். ரேபிஸ் தடுப்பூசியோ ஆண்டுதோறும் போட வேண்டியது. பதினேழு நாய்களையும் தெரிந்து வைத்திருந்த ஒரே ஆள் போய்விட்டால், தெரு மறுபடியும் முகம் தெரியாத நாய்களின் தெருவாகிவிடும். அதனால்தான் நோட்டு ஒருத்தியின் அலமாரியில் இருக்கக் கூடாது, வார்டு அலுவலகத்தில் அதற்கு ஒரு நகல் இருக்க வேண்டும் என்று வாதிடுகிறேன்.

எங்கள் தெருவுக்கு அந்தச் சோதனை சீக்கிரமே வந்துவிட்டது. போன மாதம் அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன்பு நோட்டை எதிர் வீட்டு மாடியில் இருக்கும் எட்டாம் வகுப்புப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். நேற்று மாலை அவன் என்னைத் தெருமுனையில் நிறுத்தினான். நோட்டைப் பிரித்து, புதிதாக எழுதிய ஒரு பக்கத்தைக் காட்டினான். பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“பதினெட்டு ஆயிடுச்சு அங்கிள். காலிமனையில புதுசா ஒண்ணு வந்திருக்கு. பொம்பளை நாய். இன்னும் கிட்டே வரமாட்டேங்குது” என்றான். சட்டைப் பையிலிருந்து பாதிப் பொறை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.